ஏழைதான் என்பதற்கு ஆதாரம்

நன்றாகப் படிக்கிற பிள்ளை ஏழையாகவும் இருக்கிறது என்று நிரூபிப்பதுதான் எங்கள் தொழில்; முதல் பாதியை மார்க் ஷீட்டே நிரூபித்துவிடும், இரண்டாம் பாதிக்குத்தான் நாங்கள் ஸ்கூட்டரில் அலைகிறோம்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருக்கிற ஒற்றை அறைதான் எங்கள் டிரஸ்ட். நானும் செயலாளர் தணிகாசலம் சாரும் மட்டும். அவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் இதற்கு முன் வாலாஜாபாத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும், சுற்று வட்டார அரசுப் பள்ளிகளில் முதல் இரண்டு இடம் பிடித்த பிள்ளைகளின் பட்டியலை வாங்குவோம். வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம். பிறகு எந்தக் கம்பெனி, எந்த அறக்கட்டளை, எந்தப் புண்ணியவான் இந்தப் பிள்ளையைப் படிக்க வைப்பார் என்று தேடுவோம். எங்களிடம் பணம் கிடையாது, விண்ணப்பங்கள்தான் உண்டு. ஒரு கையெழுத்துக்காக ஒரே படிக்கட்டை நாலு முறை ஏறி இறங்கிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், பக்கத்தில் உட்காருங்கள். நாம் சொந்தக்காரர்கள்தான்.

பிரிட்ஜ்

வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஊர். பெண்ணின் பெயர் மோனிஷா. பள்ளியில் முதல் இடம். நர்சிங் படிக்க வேண்டும் என்பது ஆசை. அப்பா எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா கோமதி கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங், அதுவும் கான்ட்ராக்டில். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே அறை. உதவி தருகிறவர்களின் விதிப்படி வீட்டை உள்ளும் புறமும் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு படத்தில், மூலையில் நின்றுகொண்டிருந்த பெரிய பிரிட்ஜும் விழுந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

பத்தாம் நாள் பதில் வந்தது. ‘இரட்டைக் கதவு குளிர்சாதனப் பெட்டி வைத்திருக்கும் குடும்பம். தகுதி இல்லை.’ கோமதிக்குப் போன் போட்டேன். “அய்ய, அது ஓடாது மேடம். ஆபீசர் ஒருத்தர் வூடு மாத்தறப்ப வாணாம்னு போட்டது. எலித் தொல்ல தாங்கல. அதான் அவ புக்கு, சர்டிபிகேட்டெல்லாம் அதுக்குள்ள வச்சிக்கீறோம்” என்றார். அதையே திறந்து வைத்து, உள்ளே புத்தகம் இருப்பது தெரிகிற மாதிரி இன்னொரு படம் எடுத்து அனுப்பலாம் என்று சொன்னேன். தணிகாசலம் சார் அவர்களிடம் பேசி ஒரு வாரம் அவகாசமும் வாங்கிவிட்டார். நான் போவதற்கு மூன்று நாள் ஆகிவிட்டது. அதுதான் நான் செய்த தப்பு.

போனபோது அந்த மூலை காலியாக இருந்தது. சிமெண்ட் தரையில் நாலு கால்களின் துருத்தடம் மட்டும் தெரிந்தது. காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டுத் தூக்கிக் கொடுத்துவிட்டிருக்கிறார் கோமதி. புத்தகங்கள் ஒரு சாக்கில் கிடந்தன. மோனிஷா தன் மாற்றுச் சான்றிதழை எடுத்து என்னிடம் நீட்டினாள். முத்திரை இருந்த மூலையை எலி தின்றிருந்தது. பள்ளியில் நடையாய் நடந்து அதற்கு நகல் வாங்குவதற்குள் அந்த வருடத்து நர்சிங் அட்மிஷன் முடிந்துவிட்டது. ஆனால் அது பின்னால் நடந்த கதை. அன்றைக்குக் கோமதிக்கு அதெல்லாம் தெரியாது. படத்தில் தான் விழக்கூடாது என்று சுவரோரம் ஒதுங்கி நின்றுகொண்டு சொன்னார்: “இப்ப எடுங்க மேடம் போட்டோ. இப்ப வூட்ல ஒண்ணுமே இல்ல.”

ஓ.டி.

ஒரு பையனின் அம்மா, மகனுக்கு கோச்சிங் புத்தகங்கள் வாங்குவதற்காகத் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதமும் விடாமல் ஓவர்டைம் பார்த்திருக்கிறார். வருமானச் சான்றுக்குத் தாலுகா அலுவலகத்தில் சம்பளச் சீட்டு கேட்டார்கள். கையில் பத்திரமாக இருந்தவை அந்த இரண்டு மாதச் சீட்டுகள்தான்; அவற்றையே கொடுத்துவிட்டார். அந்தக் கணக்கை வைத்து வருடத்துக்குப் பெருக்கியதில் குடும்பம் வரம்பைத் தாண்டிவிட்டது. மற்ற மாதங்களின் சீட்டுகளைத் தேடி எடுத்துக்கொண்டு அவரும் நானும் மறுபடியும் போய் நின்றோம். சான்று ஏற்கெனவே கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, மாற்ற முடியாது என்றார்கள். அங்கிருந்த உதவியாளர் கெட்டவர் இல்லை. எங்களுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுக்கொண்டே சொன்னார்: “இந்தம்மா ஓ.டி. பாக்காம இருந்திருந்தா ஏழையாவே இருந்திருப்பாங்களே மேடம்.”

வாரண்டி

பேச்சியம்மாள் எங்கள் பட்டியலில் இல்லாத பெண். தானாகவே படியேறி வந்தாள். ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஒரு செல்போன் கம்பெனியில் வேலை. ஸ்கிரீன் சரியாக வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு போனாகத் தொட்டுப் பார்த்து அனுப்புகிற இடம். ஹாஸ்டலில் ஒரு அறைக்கு எட்டுப் பேரோடு இருக்கிறாள். வார லீவில், சேலைக் கடைப் பையில் சுற்றி, லேமினேட் செய்த மார்க் ஷீட்டைக் கொண்டுவந்திருந்தாள். வாங்கிப் பார்த்ததும் தணிகாசலம் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். எங்கள் பட்டியலில் இருந்த எல்லோரையும்விட அவள் மார்க் அதிகம்.

“ஒரு வருசம் வேல பாத்துட்டு வந்து படிச்சிக்கலாம்னுதான்க்கா அய்யா சொன்னாவ. தங்கச்சி பெரிய பள்ளிக்கூடம் போனா, அப்படியே ரெண்டு வருசம் ஆயிட்டு” என்றாள். அய்யா என்றது அவள் அப்பாவை. அந்த ஒரு வாரம் முழுக்க எனக்குத் தெரிந்த அத்தனை இடத்துக்கும் போன் செய்தேன். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: இந்த வருடம் தேர்ச்சி பெற்றவர்களுக்கு மட்டும். ஒரு அம்மையார் மட்டும் கூடுதலாக, “ரெண்டு வருஷம் சம்பாதிச்ச பொண்ணுக்கு எதுக்குங்க உதவி?” என்றும் கேட்டார். அடுத்த வார லீவில் அவள் வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். அழுவாள் என்று தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தேன். அவள் அழவில்லை. மார்க் ஷீட்டை வாங்கி முன்பு இருந்த மாதிரியே பையின் மடிப்பு மாறாமல் சுற்றினாள். படியிறங்கப் போகும்போதுதான் திரும்பிச் சொன்னாள்: “போனுக்குத்தான் வாரண்டி முடியும்னு நெனச்சேன்க்கா. மார்க்குக்கும் உண்டுன்னு யாரும் சொல்லலியே.”

மேடை

ஒரு கம்பெனி எங்கள் மூலமாக ஆறு பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்தது. கொடுத்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குக் கேன்டீன் ஹாலில் விழா வைத்தார்கள். பிள்ளைகளின் உயரத்துக்கு அட்டையில் காசோலை. ஒவ்வொரு பிள்ளையும் மைக்கில் ஒரு நிமிடம் குடும்பக் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். சங்கீதா என்ற பெண் சொல்லி முடித்தபோது, வீடியோகாரர் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். “இன்னொரு வாட்டி சொல்லும்மா, முதல்லேருந்து” என்றார். அவளும் சொன்னாள். அவள் அப்பா இரண்டாவது முறையாகச் செத்துப் போனார்.

அவள் அம்மா வள்ளிக்கு அதே கம்பெனியில்தான் வேலை. பேன்ட்ரியில், கான்ட்ராக்டில். மகளின் விழாவுக்காக லீவு கேட்டிருக்கிறார். விழா நாளில் ஆள் வேண்டும், லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். காசோலையைக் கொடுத்த சிறப்பு விருந்தினர், “பேரண்ட்ஸ் வந்திருந்தா மேடைக்குக் கூப்பிடும்மா, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்” என்றார். சங்கீதா, “இப்ப உங்களுக்கு டீ குடுத்தாங்களே சார், அவங்கதான்” என்றாள். ஹால் முழுக்கக் கைதட்டல். விருந்தினர் எழுந்து நின்று கும்பிட்டார். ட்ரேயை எங்கே வைப்பது என்று தெரியாமல் வள்ளி அதோடு மேடை ஏறினார். எனக்கும்கூடக் கண் கலங்கியது. நானும் கை தட்டினேன்.

அடுத்த வாரம் கான்ட்ராக்டர் வள்ளியை வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டார். யூனிஃபார்மோடு மேடை ஏறி மானத்தை வாங்கிவிட்டாராம். புது இடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அங்கே டீ கொடுக்கிற வேலையும் இல்லை, கழிவறை கழுவுகிற வேலை. கேள்விப்பட்டதும் எனக்குக் கோபம் வந்தது. அந்த விருந்தினரிடமே போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். வள்ளிதான் என் ஸ்கூட்டர் ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினார்: “வாணாம் மேடம். ஸ்காலர்ஷிப்பும் வாங்கிக்கினு கம்ப்ளைண்டும் பண்றாங்கன்னு சொல்லுவாங்க.”

ஒன்பதாவது கேள்வி

ஏகாம்பரம் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தவர். வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். விபத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் கேட்டில் செக்யூரிட்டியாக உட்கார வைத்தார்கள். ஏஜென்சி மாறியபோது அதுவும் போயிற்று. மகன் தினேஷ் பள்ளியில் முதல், கணக்கில் சென்டம். கவுன்சலிங்கில் நல்ல கல்லூரியில் சீட்டும் கிடைத்துவிட்டது. சேர்வதற்குத்தான் வழியில்லை.

அவர்கள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்து, ஒரு பெரிய அறக்கட்டளையின் விண்ணப்பத்தைக் கேள்வி கேள்வியாகப் படித்து நிரப்பிக்கொண்டிருந்தேன். தினேஷ் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். ஒன்பதாவது கேள்வி: ‘தந்தை உயிருடன் இருக்கிறாரா?’ அதன் கீழே சின்ன எழுத்தில், ‘தந்தையை இழந்தவர்களுக்கு மட்டும் நான்கு ஆண்டுகளுக்கும் முழு உதவி.’ பழக்கதோஷத்தில் அதையும் சத்தமாகப் படித்துவிட்டேன்.

“கீறாருன்னு போட்டா இன்னா ஆவும்?”

“பாதிதாங்க கிடைக்கும். அதுவும் நிச்சயம் சொல்ல முடியாது.”

“கைக்கு ஒண்ணும் இல்லியா? கை போனவங்களுக்கு?”

நான் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தேன். இல்லை என்றேன். அவர் அந்தக் கையை முழங்காலில் தேய்த்துக்கொண்டார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: “இத்த அனுப்ப இன்னும் எத்தினி நாள் டைம் கீது?” பதினாறு நாள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஓரகடம் சிக்னலில் நிற்கும்போதுதான் அவர் என்ன கேட்டார் என்பது எனக்கு உறைத்தது. பின்னாலிருந்த லாரி ஹாரன் அடித்தும் வண்டி எடுக்க வரவில்லை. ஓரமாக ஒதுங்கி தினேஷுக்குப் போன் செய்து, “அப்பாவைத் தனியா விடாத” என்றேன். “ஏன் மேடம்?” என்று கேட்டான்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஏகாம்பரத்துக்குப் போன் செய்தேன். ஒரு நாள் ரேஷன் கார்டு நம்பர் கேட்டேன். ஒரு நாள் பிறந்த ஊர். இன்னொரு நாள் கேட்க எதுவும் கிடைக்காமல் ரத்த வகை கேட்டேன். தணிகாசலம் சாருக்கு இது தெரியும். நான் போனைக் காதில் வைக்கும்போது பேப்பரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வார். ஏகாம்பரம் எடுக்கிறவரை மணி எத்தனை தடவை அடிக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பேன். ஒன்பதாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று டிக் செய்துதான் அனுப்பினோம். பாதிதான் கிடைத்தது. மீதியைப் பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து பார்த்துக்கொண்டார்கள். தினேஷ் படிக்கிறான். விண்ணப்பம் அனுப்ப வேண்டிய கடைசி நாள் காலையிலும் போன் செய்திருந்தேன். நான் வாய் திறப்பதற்கு முன்பே எதிர்முனையில் குரல் வந்தது: “உசுரோடதான் கீறேன் மேடம். நீங்க ஃபார்ம அனுப்பிட்டு நிம்மதியா போய் சோறு துன்னுங்க.”

அடுத்த பெயர்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வாலாஜாபாத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர். பையன் அருண். கால்நடை மருத்துவம் கிடைத்திருந்தது. உதவித்தொகைக்கு ஒரே ஒரு இடம். நேர்காணலில் அவன் முதல் பெயர், எஸ்தர் என்ற பெண் இரண்டாவது பெயர். கடிதம் வருவதற்கு ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அந்த ஒரு மாதம் சும்மா இருப்பானேன், ஹாஸ்டலுக்குப் பெட்டி படுக்கை வாங்கலாமே என்று ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். சிங்கப்பெருமாள் கோவிலில் நண்பர்களோடு அறை. காலை ஷிஃப்டுக்கு ஷேர் ஆட்டோவில் வரும்போது டிரெய்லர் மோதிவிட்டது. ஆட்டோவில் மற்றவர்களெல்லாம் காயத்தோடு தப்பிவிட்டார்கள். அவன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

காரியம் முடிந்த மறுநாள் அவன் பெயருக்குக் கடிதம் வந்தது. இடத்தை அடுத்த பெயருக்குக் கொடுக்க வேண்டுமானால் இறப்புச் சான்று வேண்டும் என்றும் கேட்டார்கள். கேட்டு வாங்க நான்தான் போனேன். அருணின் அப்பா பலராமன் பீரோவில் இருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்தார். டென்த் மார்க் ஷீட், பிளஸ் டூ மார்க் ஷீட், சாதிச் சான்று, அதற்கடுத்த உறையில் இது. “அவனோடது எல்லாம் ஒரே எடத்துல இருக்கட்டும்னு வச்சேன்” என்று மட்டும் சொன்னார். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஒரிஜினலைத் திருப்பிக் கொடுத்தேன். அதை அதே உறையில் செருக அவருக்கு நேரம் பிடித்தது.

எஸ்தர் வீட்டுக்கு மறுநாள் போனேன். அவள் அம்மா செல்வராணி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருந்தார். கிடைத்துவிட்டது என்றதும் எஸ்தர் துள்ளி எழுந்தாள். “இல்லன்னு சொன்னாங்களே மேடம், எப்டி?” என்று கேட்டாள். நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். என்னவோ வாயில் வரவில்லை, நடந்ததைச் சொல்லிவிட்டேன். எஸ்தர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். செல்வராணி மெஷினை நிறுத்தினார். ஊசியில் இருந்த துணியை எடுக்காமலேயே தலையில் முக்காடு போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: “அந்தப் புள்ள பேரு இன்னா மேடம்? பேரு தெரியாம எப்டி ஜெபம் பண்றது?”

லைன் லீடர்

நல்ல செய்தியே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் முதன்முதலாக உதவித்தொகை வாங்கிக் கொடுத்தது கார்த்திக் என்ற பையனுக்கு. பி.இ. மெக்கானிக்கல், நல்ல மார்க்கில் தேறினான். அவன் பட்டம் வாங்கிய போட்டோ இன்றும் எங்கள் அறையில் இருக்கிறது. வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் அதைத்தான் காட்டுவோம்.

போன மாதம் ஓரகடம் கூட்ரோட்டில் டீ குடிக்கும்போது அவனைப் பார்த்தேன். ஒரு வருடம் வேலை தேடி அலைந்துவிட்டு, இப்போது இங்கேயே ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறானாம், கான்ட்ராக்டில். பேட்ஜை என் கண்ணில் படாமல் சட்டைப் பைக்குள் தள்ளிக்கொண்டான். கூட வந்தவன் சுரேஷ். கார்த்திக்கோடு ஒரே பெஞ்சில் படித்தவன். பிளஸ் டூ கணக்கில் ஃபெயிலாகி, அந்த வருடமே கம்பெனிக்குப் போனவன். இப்போது கார்த்திக் நிற்கிற லைனுக்கு அவன்தான் லீடர். மூன்று டீக்கும் சுரேஷே காசு கொடுத்தான். கார்த்திக் கிளாஸைத் திருப்பி வைக்கப் போன நேரத்தில் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னான்: “டென்த்துல இவன் பேப்பரப் பாத்துதான் மேடம் நான் பாசானேன். இப்ப இவன் ஒண்ணுக்குப் போணும்னாலும் என்னாண்ட கேட்டுட்டுத்தான் போணும். எனக்கே ஒரு மாதிரி கீது.”

இத்தனையும் பார்த்துவிட்ட பிறகு, என் பையன் வகுப்பில் பதினேழாவது ரேங்க் என்று போன வாரம் அவனுடைய டீச்சர் வருத்தத்தோடு சொன்னபோது “பரவாயில்ல மிஸ்” என்று நான் சொன்னது முழுக்க முழுக்க மரியாதைக்காக இல்லை.